மூன்று குண்டு, ஒரு துண்டு: பம்பாய் பிளிட்ஸின் கதை

1959ஆம் வருடத்தின் கடைசி மாதங்கள். 25 நயா பைசா விலை போட்ட ஒரு வாரப் பத்திரிகை பம்பாய்த் தெருக்களில் 2 ரூபாய்க்குக் கைமாறியது என்று சொல்வார்கள். எட்டு மடங்கு. நடைபாதையில் பொம்மை விற்கிறவர்கள் 'நானாவதி ரிவால்வர்' விற்றார்கள். பக்கத்திலேயே 'அஹுஜா துண்டு'. குளித்துவிட்டு இடுப்பில் கட்டிக்கொள்கிற சாதாரணத் துண்டுதான். ஒரு மனிதன் அந்தக் கோலத்தில் செத்துப்போனான் என்பதுதான் வியாபாரம்.

அந்தப் பத்திரிகையின் பெயர் பிளிட்ஸ்.

இந்தக் கொலை வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2016இல் வந்த அக்‌ஷய் குமாரின் 'ரஸ்தம்' பார்த்திருப்பீர்கள். 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' படித்தவர்களுக்கு கமாண்டர் சபர்மதி ஞாபகம் வருவார். சட்டம் படிக்கிற நண்பர்கள் யாராவது இருந்தால் நானாவதி என்று சொல்லிப் பாருங்கள், பாதி ராத்திரிவரை விடமாட்டார்கள். ஆனால் அந்த வழக்கை நாம் இன்றைக்கும் எந்த உருவத்தில் ஞாபகம் வைத்திருக்கிறோமோ, அந்த உருவத்தை வார்த்துக் கொடுத்த பத்திரிகையைப் பற்றி நம்மில் அதிகம் பேருக்குத் தெரியாது. ரஸ்தமில் ஒரு பார்சி ஆசிரியர் வந்து, கோமாளித்தனம் செய்து, பத்திரிகை விற்றுவிட்டுப் போவார். அவ்வளவுதான். அசல் ஆள் அத்தனை எளிதாகக் கைக்குள் அடங்குகிறவர் இல்லை.

ருஸி கரஞ்சியா, பி.வி. நட்கர்ணி, பெஞ்சமின் ஹார்னிமன் என்ற மூன்று பேர் சேர்ந்து 1941 பிப்ரவரி 1ஆம் தேதி பிளிட்ஸைத் தொடங்கினார்கள். லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம். அந்தக் குண்டுவீச்சுக்கு உலகம் வைத்த பெயரையே பத்திரிகைக்கும் வைத்துவிட்டார்கள். ஹார்னிமன் லேசுப்பட்டவர் இல்லை. பாம்பே க்ரானிக்கிள் ஆசிரியராக இருந்து, ரௌலட் சட்டத்தையும் ஜாலியன்வாலா பாக் படுகொலையையும் ஒட்டிப் பிரிட்டிஷ் அரசை விடாமல் குடைந்ததற்காக 1919இல் நாடு கடத்தப்பட்ட ஆங்கிலேயர். மும்பை கோட்டைப் பகுதியில் ஹார்னிமன் சர்க்கிள் என்று ஒரு வட்டப் பூங்கா இருக்கிறதே, அது இவர் பெயர்தான். கரஞ்சியா 1912இல் குவெட்டாவில் பிறந்த பார்சி, டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் தொழில் பழகியவர். மூவரில் கடைசிவரை பிளிட்ஸ் என்றால் அவர், அவர் என்றால் பிளிட்ஸ் என்று ஆனது கரஞ்சியாதான். நாசர், டிட்டோ, சூ என்லாய், காஸ்ட்ரோ என்று அந்தக் காலத்தின் பெரிய தலைகளையெல்லாம் நேரில் பார்த்துப் பேட்டி எடுத்தவர். சுதந்திரமாக, ஒளிவுமறைவில்லாமல், பயமில்லாமல் என்பது பத்திரிகையின் முழக்கம்.

நம் ஊரில் மஞ்சள் பத்திரிகை என்றதும் மனதில் ஒரு சித்திரம் எழும். மூன்றாந்தரக் காகிதம், நடிகை கிசுகிசு, மிரட்டிப் பணம் பறிக்கிற ஆசிரியர். பிளிட்ஸை அந்தச் சட்டகத்துக்குள் வைக்க முடியாது. டேப்ளாய்ட் அளவு, பக்கத்தை மறைக்கிற தலைப்பு, ஊழல், கடத்தல், சமஸ்தான ராஜாக்களின் அந்தரங்கம் எல்லாம் உண்டு. கூடவே நேருவின் அணிசேராக் கொள்கை, சோவியத் நட்பு, முதலாளிகளின் வரி ஏய்ப்பு. இந்த முரண் கச்சிதமாகத் தெரிகிற இடம் கடைசிப் பக்கம். 'ஆவாரா' எழுதிய கே.ஏ. அப்பாஸ், பாம்பே க்ரானிக்கிளில் எழுதிவந்த 'லாஸ்ட் பேஜ்' பத்தியை 1947இல் பிளிட்ஸுக்குக் கொண்டுவந்தார். 1987இல் சாகும்வரை விடாமல் எழுதினார். சோஷலிசம், மதச்சார்பின்மை, ஏழைகளின் சினிமா என்று அவர் எழுதிய அதே பக்கத்தில் ஒரு கவர்ச்சிப் படமும் இருக்கும். எதற்காகப் பத்திரிகையைப் பின்பக்கமாகத் திருப்பினார்கள் என்று வாசகர்களை யாரும் கேட்கவில்லை.

பிற்காலத்தில் இதே பிளிட்ஸில் துணை ஆசிரியராக இருந்தவர் சென்னையில் பிறந்த பி. சாய்நாத். வறட்சியையும் விவசாயிகள் தற்கொலையையும் பற்றி எழுதிய அதே சாய்நாத்தான். எனக்கு இது முதலில் தெரிந்தபோது, 'அட, அங்கிருந்தா?' என்றுதான் தோன்றியது.

சரி, 1959க்கு வருவோம்.

ஏப்ரல் 27. கடற்படை கமாண்டர் காவஸ் மானெக்‌ஷா நானாவதி, ஐ.என்.எஸ். மைசூர் கப்பலில் இரண்டாம் இடத்து அதிகாரி. மனைவி சில்வியா இங்கிலாந்தில் பிறந்தவர், மூன்று குழந்தைகள். பிரேம் அஹுஜா என்ற கார் வியாபாரியோடு தனக்கிருக்கும் உறவை அன்றைக்கு சில்வியா கணவரிடம் ஒப்புக்கொள்கிறார். நானாவதி மனைவியையும் குழந்தைகளையும் ஏற்கெனவே டிக்கெட் வாங்கியிருந்த படத்துக்கு மெட்ரோ தியேட்டரில் இறக்கிவிடுகிறார். கப்பலுக்குப் போகிறார். ராத்திரி தனியாக அகமத்நகர் வரை கார் ஓட்டவேண்டியிருக்கிறது என்று காரணம் சொல்லி ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வாங்குகிறார். அஹுஜாவின் அலுவலகத்துக்குப் போகிறார், ஆள் இல்லை. வீட்டுக்குப் போகிறார். அஹுஜா குளித்து முடித்துத் துண்டோடு நிற்கிறார். மூன்று குண்டு. பிறகு நானாவதி போய்ப் போலீஸ் துணை கமிஷனர் ஜான் லோபோவிடம் சரணடைகிறார்.

படுக்கையறைக்குள் நடந்ததைச் சொல்ல உயிரோடு இருந்தது ஒரே ஒரு ஆள். அவர் நீதிமன்றத்தில் சொன்னது இது: சில்வியாவைக் கட்டிக்கொண்டு என் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டேன், கூடப் படுத்தவளையெல்லாம் கட்டிக்கொள்ள முடியுமா என்று அஹுஜா கேட்டான், ரிவால்வர் இருந்த கவரை எடுக்க வந்தான், கைகலப்பில் சுட்டுக்கொண்டது.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். அஹுஜாவைப் பற்றி இந்தியாவுக்கு ஞாபகமிருக்கிற ஒரே வசனம் இதுதான். எல்லாப் படத்திலும், எல்லாக் கட்டுரையிலும் அஹுஜாவின் வாயில் வைக்கப்படுகிற வசனம். அதை உலகத்துக்குச் சொன்னது அஹுஜாவைச் சுட்டவர். அஹுஜாவின் சகோதரி மேமி நீதிமன்றத்தில் சொன்னதோ வேறு: சில்வியா விவாகரத்து வாங்கினால் அவளைக் கட்டிக்கொள்ள பிரேம் தயாராகத்தான் இருந்தான். இந்த வாக்குமூலத்தை வைத்து யாரும் படமெடுக்கவில்லை.

பிளிட்ஸ் ஒரு வாராந்தரி என்பது இந்த இடத்தில் முக்கியம். நீதிமன்றத்தில் நேற்று யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தினசரிகள் கொடுத்துவிடும். சனிக்கிழமை வருகிற பத்திரிகை அதையே திரும்பக் கொடுத்தால் எவன் வாங்குவான்? அதனால் செய்தியைக் கதையாக மாற்றவேண்டியிருந்தது. கதைக்கு ஆட்கள் தயாராக நின்றார்கள். வெள்ளைச் சீருடையில் பதக்கங்களோடு கோர்ட்டுக்கு வருகிற உயரமான கடற்படை அதிகாரி. தேசத்துக்காகக் கடலில் இருக்கிறவன் வீட்டில் புகுந்த பணக்கார உல்லாசி. வழிதவறி, மன்னிப்புக் கேட்டு நிற்கும் வெளிநாட்டு மனைவி. ராமாயணம் கேட்டு வளர்ந்த தேசத்துக்கு இதில் யார் யார் என்று தனியாக விளக்கவேண்டியதில்லை. வாரா வாரம் பிளிட்ஸ் இதைத்தான் செய்தது. வழக்கு நடக்கும்போதே நானாவதி பக்கம் வெளிப்படையாக நின்றது, தண்டனை விழுந்த பிறகு மன்னிப்புக் கோரி வாசகர்களைத் திரட்டியது. கவாஸ்ஜி ஜெஹாங்கீர் ஹாலில் பார்சிகள் கூட்டிய ஆதரவுக் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வந்தார்கள். நானாவதி பார்சி, அஹுஜா சிந்தி. பிரிவினையில் வீடு வாசல் போய் பம்பாய்க்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருடமே ஆன சமூகம். புதுப் பணக்காரன், ஒழுக்கமில்லாதவன் என்ற முத்திரை யார்மேல் எளிதாக ஒட்டும் என்பது ஊருக்குத் தெரியும்.

எனக்கு ஆச்சரியம் அந்தப் பத்திரிகையின் அரசியல்தான். முதலாளிகளைக் கிழித்த, இடதுசாரி என்று நெஞ்சு நிமிர்த்திய பத்திரிகை, பெண்டாட்டி கணவனின் மானம், அதற்காகச் சுட்டது நியாயம் என்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. விற்பனைக்காக மட்டும் அப்படி எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. கரஞ்சியா அதை நம்பியிருக்கவேண்டும். நம்பாமல் எழுதினால் அந்தச் சூடு வராது.

1959 செப்டம்பர் 23 அன்று விசாரணை தொடங்கியது. ஒன்பது பேர் கொண்ட ஜூரி. நானாவதிக்கு வாதாடியவர் கார்ல் கண்டாலாவாலா. இந்திய ஓவிய வரலாறு படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ராஜஸ்தானி, பஹாரி ஓவியங்களைப் பற்றி எழுதிய அதே ஆள்தான். மேமி அஹுஜாவின் சார்பில் வழக்கைக் கவனிக்க உட்கார்ந்திருந்தார் ராம் ஜேத்மலானி என்ற இளம் சிந்தி வக்கீல். கைகலப்பு நடந்தது என்கிறார்களே, அப்படியானால் இடுப்பில் சுற்றியிருந்த துண்டு எப்படி அவிழாமல் இருந்தது என்று அரசுத் தரப்பு கேட்டது. உள்ளே போனதற்கும் குண்டுச் சத்தத்துக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்குள் பேச்சு, சண்டை, பறிப்பு எல்லாம் எங்கே நடந்தது? அக்டோபர் 21 அன்று ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி இல்லை என்றது.

செஷன்ஸ் நீதிபதி ரதிலால் மேத்தா அதை ஏற்கவில்லை. நியாயமான மனிதர்கள் சாட்சியங்களைப் பார்த்து எட்டக்கூடிய முடிவு இல்லை என்று வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1960 மார்ச் 11 அன்று உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்து நடந்ததுதான் கூத்து. சில மணி நேரத்துக்குள் ஆளுநர் ஸ்ரீபிரகாசா அந்தத் தண்டனையை நிறுத்திவைத்து, உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு முடியும்வரை நானாவதி கடற்படைக் காவலிலேயே இருக்கலாம் என்று உத்தரவு போட்டார். (ஸ்ரீபிரகாசா நமக்குப் பழக்கமானவர்தான். 1952இல் சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோது, தேர்தலில் நிற்காத ராஜாஜியை மந்திரிசபை அமைக்கக் கூப்பிட்டவர்.) வழக்கு எங்கள் முன்னால் இருக்கும்போது ஆளுநர் இப்படிச் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1960 செப்டம்பரில் சொன்ன பிறகுதான் நானாவதி ஆர்தர் ரோடு சிறைக்குப் போனார். 1961 நவம்பர் 24 அன்று ஆயுள் தண்டனை உறுதியானது.

'நானாவதி வழக்கோடு இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்தது' என்ற வாக்கியத்தை நூறு இடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு பத்திரிகை எழுதி எழுதியே ஒரு நீதிமுறையைக் கொன்றுவிட்டது என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிஜம் அவ்வளவு சுவாரஸ்யமில்லை. ஜூரி முறையைக் கைவிடலாம் என்று சட்ட ஆணையம் 1958இலேயே, அதாவது அஹுஜா உயிரோடு இருக்கும்போதே, பரிந்துரைத்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அது எல்லா ஊரிலும் இருந்த முறையும் இல்லை. நானாவதிக்குப் பிறகும் அங்கங்கே தொடர்ந்து, 1973ஆம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடுதான் முற்றாக முடிந்தது. பார்சி திருமண நீதிமன்றங்களில் மட்டும் ஜூரி மாதிரி ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது தனி வேடிக்கை. பிளிட்ஸ் செய்தது அதைவிடச் சின்ன வேலை, ஆனால் கெட்டியான வேலை: ஒன்பது பேர் உட்காரும் பெஞ்சில் ஊரையே உட்கார வைத்தது. அந்த ஊர் 1961இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

இத்தோடு பிளிட்ஸ் மோசமான பத்திரிகை என்று முடித்துவிடலாம் என்றால், முடியவில்லை. அதே பத்திரிகைதான் நம் அரசியல் சாசனப் புத்தகங்களில் வேறு வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது.

1952இல் உத்தரப் பிரதேச சட்டசபையின் சபாநாயகரைப் பற்றி எழுதியதற்காக, துணை ஆசிரியர் ஹோமி மிஸ்திரியை பம்பாயில் கைது செய்து லக்னோவுக்குக் கொண்டுபோனார்கள். 24 மணி நேரத்துக்குள் எந்த மாஜிஸ்திரேட் முன்னாலும் நிறுத்தவில்லை. ஒரு ஹோட்டலில் வைத்திருந்தார்கள். இது சாசனத்தின் 22ஆவது பிரிவை மீறிய செயல் என்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சட்டசபைக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் இடையே வந்த ஆரம்பகால மோதல்களில் இது ஒன்று.

1961இல் இன்னொரு மோதல். இதில் என் அனுதாபம் பிளிட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைவு. ஆச்சார்ய கிருபளானி நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனனை வறுத்தெடுத்தார். மேனன் கரஞ்சியாவின் ஆள். பிளிட்ஸ் கிருபளானியின் பெயரையே திருகி, பைத்தியம் என்று பொருள்படும் 'கிருபலூனி' என்று தலைப்பில் போட்டது. சின்னப் பிள்ளைகள் பட்டப்பெயர் வைக்கிற தரம்தான். ஆனால் அதற்கு நாடாளுமன்றம் செய்தது அதைவிடப் பெரிய நாடகம். ஆகஸ்ட் 29 அன்று கரஞ்சியாவை மக்களவைக்கு வரவழைத்து, நிற்க வைத்து, சபாநாயகர் கண்டித்தார். பிளிட்ஸின் டெல்லி நிருபருடைய அனுமதிச் சீட்டும் பறிபோனது.

மூன்றாவது, மிராஜ்கர் வழக்கு. மில் முதலாளி கிருஷ்ணராஜ் தாக்கர்ஸி, கரஞ்சியா மீது போட்ட அவதூறு வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. ஒரு சாட்சி, நான் சொல்வது பத்திரிகையில் வந்தால் என் வியாபாரம் கெடும் என்று நீதிபதியிடம் முறையிட்டார். அந்தச் சாட்சியத்தைப் பிரசுரிக்கக் கூடாது என்று நீதிபதி வாய்மொழியாக உத்தரவிட்டார். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டபோது, வாய்மொழியே போதும் என்றார். நீதிபதி யார் தெரியுமா? வி.எம். தார்குண்டே. பின்னாளில் எமர்ஜென்சியை எதிர்த்து, குடிமை உரிமை இயக்கத்தின் முகமாக ஆனவர். பிளிட்ஸ் நிருபர் நரேஷ் மிராஜ்கர் உச்ச நீதிமன்றம் போனார். 1966இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்த உத்தரவு கருத்துரிமையை மீறவில்லை என்றார்கள். ஒன்பது பேரில் நீதிபதி ஹிதயத்துல்லா ஒருவர் மட்டும் மாறுபட்டார். எட்டுக்கு ஒன்று. நானாவதி ஜூரியின் அதே கணக்கு. ஒரு தடவை பிளிட்ஸ் அந்த எட்டோடு குதூகலித்தது, இந்தத் தடவை அந்த ஒன்றோடு நின்றது. நீதிமன்றச் செய்தியைத் தடுக்கிற உத்தரவு ஒவ்வொன்றிலும் இன்றைக்கும் மிராஜ்கர் பேர் அடிபடுகிறது.

நானாவதி விஷயம் சிறையில் முடியவில்லை. 1964இல், அப்போது மகாராஷ்டிர ஆளுநராக இருந்த நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் மன்னிப்புக் கொடுத்தார். தனியாகக் கொடுத்தால் சிந்திகள் கொதிப்பார்கள். அதனால் இறக்குமதி உரிமத்தை முறைகேடாகப் பயன்படுத்திய வழக்கில் தண்டனை பெற்ற பாய் பிரதாப் என்ற சிந்தி வியாபாரி, சுதந்திரப் போராட்டக்காரர், அவருக்கும் சேர்ந்தே மன்னிப்பு. இதற்கு மேமி அஹுஜாவின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக் கொடுத்தது ராம் ஜேத்மலானி என்பது பின்னாளில் அவர் தரப்பிலிருந்தே வந்த கதை. எத்தனையோ இதழ்களில் எத்தனையோ பக்கம் ஓடிய கதையில், மேமியின் கையெழுத்து தேவைப்பட்ட ஒரே இடம் இதுதான். நானாவதி குடும்பம் 1968இல் கனடா போய்விட்டது. அவர் 2003இல் அங்கேயே காலமானார்.

பிளிட்ஸ் மெதுவாகத் தேய்ந்தது. கரஞ்சியா குடும்பம் 1974இல் தொடங்கிய 'சினிபிளிட்ஸ்' கவர்ச்சியைத் தனி வியாபாரமாக்கியது. கடைசிப் பக்கத்துக்கு அப்பாஸும் வேண்டாம், சோஷலிசமும் வேண்டாம் என்று ஆன பிறகு படத்தை மட்டும் தனியாக விற்பதுதானே சுலபம். 80களில் வண்ணப் பத்திரிகைகளும் 90களில் தொலைக்காட்சியும் வந்தன. 1990களின் நடுவில் பிளிட்ஸ் நின்றது. கரஞ்சியா 95 வயதில் காலமானது 2008 பிப்ரவரி 1. பத்திரிகை பிறந்த அதே தேதி.

ரஸ்தமுக்கு இன்னொரு தடவை வருகிறேன். அந்தப் படத்தில் செத்துப்போகிறவன் அடுத்தவன் மனைவியோடு பழகியவன் மட்டும் இல்லை. கடற்படைக்குக் கப்பல் வாங்குவதில் லஞ்சம் கலக்கிற தேசத்துரோகி. கதாநாயகன் அவனைச் சுட்டது நாட்டுக்காக. அக்‌ஷய் குமாருக்குத் தேசிய விருது கிடைத்தது. பிளிட்ஸ்கூட இவ்வளவு தூரம் போகவில்லை. அஹுஜாவை ஒழுக்கங்கெட்டவன் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வேகமாகப் படித்தால் ஒரு மாலை நேரம். சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிற பகுதியில் குளியலறை, கவர், ரத்தம், காயங்களின் இடம் எல்லாம் வரும். அந்த இடத்தில் துண்டும் வரும். சடலத்தின் மேல் அது கட்டியது கட்டியபடியே இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். தளரவில்லை, விழவில்லை.